கொண்டைக்கடலை வேகவில்லை, காய்கறி தண்ணீர் விடுகிறது, உப்பைக் குறைத்தால் யாரும் தொடுவதில்லை: எங்கே பிசகு?

மதியச்சோறு கேட்டது:

வணக்கம். வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், 70 வயதைத் தாண்டிய மாமியார், 9 வயதில் பையன், 4 வயதில் பெண். வாரத்தில் இரண்டு வேளை எல்லோருமாகச் சேர்ந்து சத்தான புதுச் சமையல் ஒன்றைச் செய்து சாப்பிடுவது என்று வைத்திருக்கிறோம். குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை, செய்முறையில்தான் இடிக்கிறது.

கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, தக்காளி வெங்காயத்தோடு குக்கரில் ஆறு விசில் விடுகிறோம். தோல் ரப்பர் மாதிரி நிற்கிறது, நடுவில் வெள்ளையாக மாவு தட்டுகிறது. ராஜ்மாவும் அப்படித்தான்.

பிரவுன் ரைஸுக்கு வெள்ளை அரிசிக்கு வைக்கிற தண்ணீர் வைத்தால் நறுக் நறுக்கென்று இருக்கிறது. தண்ணீரைக் கூட்டினால் வெளியே குழைந்து உள்ளே விறைத்துக்கொள்கிறது. மாமியாரால் மெல்ல முடியவில்லை.

கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிரப்பி, அவன் அடுப்பில் 180 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் தண்ணீர் விட்டு அவித்த காயாகத்தான் வருகிறது.

கடைசியாக உப்பு. பாதியாகக் குறைத்தோம், யாரும் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளவில்லை. சின்னவள் எதையும் கலந்து கொடுத்தால் தொடுவதே இல்லை. தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பருப்புப்பானை பதில்:

கடலையிலிருந்து தொடங்குகிறேன். முதலில் தக்காளியைத் தள்ளிவையுங்கள். கடலையின் தோலையும் உள்ளிருக்கும் செல்களையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் கடலை மசியும். புளிப்பு அதைக் கரைய விடாது. தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர் எதுவானாலும் கடலை முழுசாக வெந்த பிறகுதான் சேர வேண்டும். தக்காளியோடு போட்டால் ஆறு விசிலுக்குப் பத்து விசில் விட்டாலும் தோல் அப்படியேதான் நிற்கும்.

அடுத்தது தண்ணீர். கடின நீரில் உள்ள கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். அதற்கு மருந்து உப்பு! உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது, ஆனால் ஊறவைக்கும் தண்ணீரில் போடும்போது நடப்பது நேர்மாறு. உப்பிலிருக்கும் சோடியம் தோலிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் இளகுகிறது.

250 கிராம் கொண்டைக்கடலைக்கு 1 லிட்டர் தண்ணீர், 15 கிராம் தூள் உப்பு, அதாவது தட்டையாக இரண்டரை டீஸ்பூன். 8 முதல் 12 மணி நேரம். வெயில் காலமென்றால் ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும், வெளியே விட்டால் நுரைத்துப் புளித்துவிடும். ஊறிய பின் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நிறம் மாறிய திட்டு தெரிந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே போகவில்லை, இரண்டு மணி நேரம் கூட விடுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டி நன்றாக அலசுங்கள். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். உப்பில் கொஞ்சம் கடலையிலேயே தங்கும் என்பதால் சமைக்கும்போது உப்பைக் குறைத்தே போடுங்கள்.

விசில் கணக்கை விட்டு நிமிடக் கணக்குக்கு வாருங்கள். தீ அதிகமாக இருந்தால் விசில் சீக்கிரம் சீக்கிரம் வரும், கடலைக்கு நேரம் கிடைக்காது. புதுத் தண்ணீர் கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம், ஒரு டீஸ்பூன் எண்ணெய் (நுரை பொங்கி வால்வை அடைக்காமல் இருக்க), குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். அணைத்த பின் அழுத்தம் தானாக அடங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டால் உள்ளே திடீரென்று கொதி கிளம்பித் தோல் உரிந்துவிடும்.

விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோலோடு சேர்ந்து நசுங்க வேண்டும். நடுவில் மாவு தட்டினால் இன்னும் 5 நிமிடம். இவ்வளவும் செய்து 30 நிமிடத்துக்கு மேலும் வேகவில்லை என்றால் கடலை பழசு. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பருப்புக்கு இந்தக் குணம் வந்துவிடும். அதற்கு மட்டும் 250 கிராமுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா. எல்லா முறையும் வேண்டாம்: பி1 வைட்டமினை அழிக்கும், கூடினால் சோப்பு வாடை வரும்.

ராஜ்மாவை இதே கணக்கில் செய்யலாம், ஆனால் அதற்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு லெக்டின் நச்சு இருக்கிறது. நான்கைந்து மணிகள் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு 30 நிமிடம். குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதால் முழுசாக மசிய வேகவைத்தால் கவலையில்லை. ஸ்லோ குக்கரில் மட்டும் நேராகப் போடவே கூடாது. அந்த இளஞ்சூட்டில் நச்சு அழியாது, பச்சையாக இருப்பதைவிடக் கூடவும் செய்யும். வெந்ததா என்று பாதியில் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கமும் ராஜ்மாவுக்கு ஆகாது.

---

தணல் பதில்:

நான் அவன் அடுப்பைப் பத்தி மட்டும் சொல்றேன். 180 பத்தாதுங்க. காய் மேல இருக்குற தண்ணி ஆவியாகிற வரைக்கும் அதோட சூடு 100 டிகிரிய தாண்டாது. பழுப்பு நிறமும் அந்த வாசனையும் வர 140க்கு மேல போகணும். தட்டுல காயை நெருக்கமா அடுக்கினா ஒண்ணுலேர்ந்து வர ஆவி இன்னொண்ணை அவிக்குது. நீங்க சுடல, ஆவியில வேகவைக்கிறீங்க.

220 டிகிரி வைங்க, உள்ளே ஃபேன் ஓடுற அவன்னா 200. தட்டைக் காலியா உள்ள வெச்சே முன்சூடு பண்ணுங்க. காயைக் கழுவினதும் துணியில ஒத்தி ஈரமில்லாம எடுக்கணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. 40 செ.மீ.க்கு 30 செ.மீ. தட்டுக்கு 500 கிராம் காய் போதும், ஒரே அடுக்கு, காய்க்குக் காய் ஒரு விரல் இடைவெளி. அஞ்சு பேருக்கு 1 கிலோ வேணும்னா ரெண்டு தட்டு. 500 கிராமுக்கு எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், பாத்திரத்துல போட்டுக் கையாலப் பிசறிட்டு தட்டுல கொட்டுங்க. தட்டுல காயைப் பரப்பிட்டு மேலாக ஊத்தினா ரெட்டிப்பு எண்ணெய் ஆகும், இருந்தும் பாதி காய் வறண்டு கிடக்கும்.

மூணு காயையும் ஒண்ணாப் போடாதீங்க. கேரட் 2 செ.மீ. துண்டு, 30 லேர்ந்து 35 நிமிஷம். காலிஃபிளவர் 25. குடைமிளகாய் 15, 20 போதும். கேரட்டை முதல்ல வெச்சு, 10 நிமிஷம் கழிச்சு காலிஃபிளவர், இன்னொரு 5 நிமிஷம் கழிச்சு குடைமிளகாய். காலிஃபிளவர் பூவை ரெண்டா வெட்டி, வெட்டின பக்கம் தட்டுல படுற மாதிரி கவுத்து வைங்க. அந்தப் பக்கம் செம்பழுப்பாகித் தானா தட்டை விட்டு வரும், அப்பத் திருப்பினா போதும். ஒட்டிக்கிட்டிருந்தா நேரம் வரலன்னு அர்த்தம், சுரண்டாதீங்க. காளான், சுக்கினி மாதிரி தண்ணி நிறைய இருக்குற காய்க்கு உப்பை வெளியே எடுத்த பிறகு போடுங்க, முன்னாடியே போட்டா தண்ணிய இழுத்து வெளியே விட்டுடும்.

உருளைக்கிழங்கு சேர்த்தா மட்டும் பொன்னிறத்தோட நிறுத்திடுங்க. கறுக்கக் கறுக்க அக்ரிலமைடுங்கிற கெடுதலான ரசாயனம் கூடும். அவன் இல்லாதவங்க அகலமான இரும்புச் சட்டிய நல்லா காயவெச்சு 250 கிராம் 250 கிராமா வதக்கலாம். முதல் 3 நிமிஷம் கிளறக் கூடாது, மூடியும் போடக் கூடாது.

---

தராசு பதில்:

தணல் சொன்ன 180 விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலக் குறிப்புகளில் வரும் 350, 400 எல்லாம் ஃபாரன்ஹீட். 350 என்றால் சுமார் 177 டிகிரி செல்சியஸ், 400 என்றால் சுமார் 204. பல குறிப்புகளில் இந்த மாற்றத்தைத் தப்பாகச் செய்திருப்பார்கள்.

கப் அளவும் அப்படித்தான். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப் 250. டேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் 20. குழம்பு, சூப்புக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. மாவு, ஈஸ்ட், உப்பு மூன்றிலும் காலை வாரும். ஒரு கப் கோதுமை மாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராமுக்குப் போய்விடும். 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பையனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம், 9 வயதுக்குப் பொருத்தமான வேலை.

இப்போது அரிசி. பட்டை தீட்டாத அரிசியைச் சுற்றி தவிட்டுத் தோல் இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போக நேரம் பிடிக்கும். தண்ணீரை மட்டும் கூட்டி நேரத்தைக் கூட்டாமல் விட்டால், நுனியில் வெடித்த இடத்தில் குழையும், நடுவில் விறைப்பாகவே நிற்கும். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். 200 கிராம் அரிசியை அலசி ஒரு மணி நேரமாவது ஊறவையுங்கள். வடித்துவிட்டு 480 மில்லி தண்ணீர், அடி கனமான பாத்திரம், கொதி வந்ததும் மூடி, மிகச் சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் 10 நிமிடம். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் மேலும் கீழும் ஈரம் சமமாகும். அவசரப்பட்டுத் திறந்தால் அடியில் குழைசலும் மேலே விறைப்பும்தான் மிஞ்சும். குக்கரில் ஆவி வெளியேறுவது குறைவு, அதனால் ஒரு பங்கு ஊறிய அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும், முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 15 முதல் 18 நிமிடம்.

மாமியாருக்கு மெல்ல வேண்டுமே. அவர் பங்குக்கு மட்டும் 1-க்கு 3 தண்ணீர் வைத்து, குக்கரில் 25 நிமிடம் விட்டுக் கரண்டியால் மசித்துக் கொடுங்கள். வீட்டுக்கே பழக்க வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கலந்து தொடங்குவது நல்லது, ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நிறையத் தண்ணீரில் பிரவுன் ரைஸை முதலில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு வெள்ளை அரிசியைச் சேர்த்து இன்னும் 12 முதல் 15 நிமிடம், பிறகு கஞ்சியை வடித்துவிட்டு மூடி 10 நிமிடம். நிறையத் தண்ணீரில் வடிப்பதால் அரிசியில் உள்ள ஆர்சனிக்கில் ஒரு பகுதியும் குறையும். அந்த நச்சு தவிட்டில்தான் அதிகம் சேரும், ஆகவே தினமும் பிரவுன் ரைஸ் சாப்பிடும் வீட்டுக்கு இந்த முறையையே சொல்வேன்.

யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால்: அரிசியை மாற்றியதால் அளவைக் கூட்டலாம் என்று பொருளில்லை. தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு முட்டை மீன் வகை. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட தட்டுப் படமும் இதே பங்கீடுதான். பிரவுன் ரைஸ் வாங்கும் அளவையும் கவனியுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிவிடும், மாதக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள்.

---

அரைக்கரண்டி பதில்:

உப்பை ஒரே அடியாகப் பாதியாக்கியதுதான் கோளாறு. நாக்கு குறைந்த உப்புக்குப் பழகும், ஆனால் வாரக்கணக்கில் நேரம் கேட்கும். இப்போது போடுவதை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையுங்கள். வீட்டில் சொல்லவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து நாளுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், 500 கிராம் உப்புப் பாக்கெட் 25 நாளாவது வர வேண்டும். திறந்த தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதிவிடுங்கள். ரொட்டி, சீஸ், சாஸ், ஊறுகாய் எல்லாம் கடையில் வாங்குகிற வீடானால் பாக்கெட் இன்னும் நெடுநாள் வர வேண்டும், ஏனென்றால் அவற்றில் வரும் உப்பு இந்தக் கணக்கில் இல்லை. கடலை ஊறவைத்துக் கொட்டுகிற உப்பைத் தனிப் பாக்கெட்டிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

உப்பு குறைந்தது தெரியாமல் இருக்க மூன்று இடங்களில் கை வைக்கலாம். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி நன்றாகச் சிவக்க வதக்குவது, 15 நிமிடத்துக்குக் குறையாமல். இறக்கும்போது புளிப்பு, 500 கிராம் வெந்த கடலைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. கடலையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் அந்த வைட்டமின் சி உதவும், ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் அது வீண், ஒரு மணி நேரம் போகட்டும். மூன்றாவது, போடுகிற உப்பில் ஒரு பகுதியைக் கடைசியில் மேலாகத் தூவுவது. உள்ளே கரைந்த உப்பைவிட மேலே இருப்பது நாக்கில் உடனே படும், குறைவாகப் போட்டாலே போதும்.

பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பை யாராவது சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம். மாமியாருக்கு மாத்திரை ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சின்னவள் விஷயத்தில் அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பங்கீடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில். சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை கையில். நடைமுறையில் என்னவென்றால், கலக்காதீர்கள். சோறு, கடலை, சுட்ட கேரட், தயிர் நான்கும் மேசையில் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும், அதில் அவளுக்கு ஏற்கனவே பிடித்த ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். புதுசை ஒரு டீஸ்பூன் மட்டும் தட்டின் ஓரத்தில் வையுங்கள். தொடவில்லையென்றால் பேச்சே எடுக்க வேண்டாம், அடுத்த வாரம் திரும்பவும் வையுங்கள். புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து முறைகூட ஆகும். இரண்டு மூன்று முறையில் அவளுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டுவதால்தான் நிறைய வீடுகளில் காய்கறியே நின்றுபோகிறது. "இதைத் தின்றால் அது தருவேன்" என்பதும் வேண்டாம். தரப்போகிற இனிப்பின் மதிப்புதான் அதில் ஏறும்.

4 வயதுக்குக் கீரையைக் கிள்ளிப் போடுவது, கடலையை அலசுவது, எலுமிச்சை பிழிவது எல்லாம் வரும். பச்சைக் கோழியையும் முட்டையையும் தொட விடாதீர்கள். 5 வயதுக்குள் முழு நட்ஸ் வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியே கொடுக்க வேண்டும், வெந்த கொண்டைக்கடலையை விரலால் நசுக்கி வைக்கலாம்.

---

மதியச்சோறு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இந்த வாரம் கடலையும் சுட்ட காயும் மட்டும் செய்கிறோம், அரிசி அடுத்த வாரம். இன்னும் ஒன்று: கடலையையும் பிரவுன் ரைஸையும் கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்ளலாமா? எத்தனை நாள் தாங்கும்?

---

பருப்புப்பானை பதில்:

ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது நல்ல முடிவு. சரியாக வராவிட்டால் எதனால் என்று தெரியும்.

சோற்றில்தான் அதிகக் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு பிறகு சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சப்போவது தெரிந்தால் பரிமாறும் முன்பே எடுத்து அகலமான தட்டில் ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழான ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஆழமான பாத்திரத்தில் மூடி வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஆவி பறக்கச் சூடு பண்ணுவது ஒரே முறை.

கடலைக்கு இவ்வளவு கெடுபிடியில்லை. 250 கிராம் உலர்ந்த கடலை வெந்தால் சுமார் 600 கிராம் வரும். உங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு 350 கிராம் போதும். மீதியை வேகவைத்த தண்ணீரோடு டப்பாவில் போட்டால் ஃபிரிட்ஜில் மூன்று நாள். ஃப்ரீசரென்றால் 250 கிராம் பொட்டலங்களாக, கடலை மூழ்கும் அளவுக்கு அதே தண்ணீர் ஊற்றி, மேலே ஓர் அங்குலம் காலியிடம் விட்டு மூடுங்கள், உறையும்போது பெருக்கும். வடித்து உலர வைத்து உறையவிட்டால் தோல் சுருங்கிப் பிரியும். மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். சூப்புக்கு உருக்காமல் அப்படியே கொதியில் போடலாம், சாலட்டுக்கு முதல் நாள் இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.